எம்.பி.5 நகல் வாங்க விரும்பும் ஓசூர் வாசகருக்கு

ஓசூர் சிப்காட்டில் சி.என்.சி. ஆபரேட்டராக வேலை பார்க்கும் 26 வயது வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “சிறு வயதிலிருந்தே துப்பாக்கிகளின் இயக்கம் எனக்கு ஆச்சரியம். மொபைல் விளையாட்டில் எம்.பி.5, எம்.பி.40 இரண்டையும் வைத்து வருடக்கணக்கில் விளையாடியிருக்கிறேன். துருக்கியில் தயாராகும் எம்.பி.5 நகல்கள் அசலின் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைப்பதாக அமெரிக்க வீடியோக்களில் சொல்கிறார்கள். பெங்களூரு பக்கம் அறிமுகமான ஒருவர், முன்பணம் கொடுத்தால் ஏற்பாடு செய்வதாகச் சொல்கிறார். எந்த நகல் என் பட்ஜெட்டுக்கு நல்லது?”

கேள்வியை மனம் திறந்து கேட்டிருக்கிறீர்கள். பதிலையும் சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் தனி மனிதர் ஒருவர் வாங்கக்கூடிய எம்.பி.5 நகல் எதுவும் இல்லை. துருக்கி நகல், பாகிஸ்தான் நகல், பட்டறையில் கடைந்த நகல் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். முன்பணம் கொடுத்திருக்காவிட்டால் கொடுக்க வேண்டாம். கொடுத்துவிட்டிருந்தால் பதற வேண்டாம். என்ன செய்ய வேண்டும் என்று கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் ஆர்வத்துக்குச் சட்டத்துக்கு உட்பட்ட நல்ல வழிகள் இருக்கின்றன. அவற்றில் எது உங்கள் சம்பளத்துக்குப் பொருந்தும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி.

முதலில், வீடியோவில் நீங்கள் பார்ப்பது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். கைத்துப்பாக்கியின் சிறிய ரவையைத் தொடர்ச்சியாகச் சுடும், தோளில் வைத்துப் பிடிக்கும் ஆயுதத்தைத்தான் சப்மெஷின் கன் (சிறு இயந்திரத் துப்பாக்கி) என்கிறார்கள். நம் ஊர்ப் பேச்சில் இது ‘ஸ்டென் கன்’ அல்லது ‘கார்பைன்’. இரண்டாம் உலகப் போரில், 1940இல் பிரான்ஸின் டன்கிர்க்கிலிருந்து பின்வாங்கியபோது ஏராளமான ஆயுதங்களை இழந்த பிரிட்டன், அவசரத்துக்கும் மலிவுக்குமாக 1941இல் உருவாக்கியதுதான் ஸ்டென். வடிவமைத்த ஷெப்பர்ட், டர்பின் இருவரின் முதலெழுத்துகளோடு என்ஃபீல்டு ஆலையின் பெயரும் சேர்ந்து அந்தப் பெயர் வந்தது. அழுத்தி வளைத்த தகடும் குழாயும் வெல்டிங்குமாக இருந்ததால் அதை நகலெடுப்பது எளிதாக இருந்தது. போரின் கடைசி மாதங்களில், 1945இல், ஜெர்மனியே எதிரியின் ஸ்டென்னைப் பார்த்து எம்.பி.3008 என்ற நகலைத் தயாரித்தது. ஸ்டென்னுக்குப் பின் வந்த ஸ்டெர்லிங்கின் இந்திய வடிவமான 9 மி.மீ. கார்பைன் கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலையில் தயாரானது. காவல் நிலையப் பாராக்காரர் தோளில் நீங்கள் சின்ன வயதில் பார்த்திருக்கக்கூடியது அதுதான்.

எம்.பி.5 வேறு ரகம். ஜெர்மனியின் ஹெக்லர் அண்டு கோக் நிறுவனம் 1960களில் உருவாக்கியது. ஸ்டென்னில் கனமான போல்ட்டின் (ரவையை உள்ளே தள்ளி அடைக்கும் இரும்புக் கட்டி) எடை மட்டுமே வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்குகிறது. எம்.பி.5இல் இரண்டு சிறிய உருளைகள் போல்ட் பின்னால் நகர்வதைக் கணநேரம் தாமதப்படுத்துகின்றன. இதனால் ஆயுதம் குறைவாக அதிர்கிறது, குறி துல்லியமாக விழுகிறது. மெஷினில் நிற்கும் உங்களுக்கு இந்த உருளை நுட்பம் பிடித்துப்போனதில் வியப்பில்லை. 1980 மே மாதம் லண்டனில் ஈரான் தூதரகத்தை மீட்கப் பிரிட்டிஷ் கமாண்டோக்கள் இதை ஏந்திச் சென்றது தொலைக்காட்சியில் உலகெங்கும் தெரிந்தது. நம் தேசியப் பாதுகாப்புப் படையின் கருப்புப் பூனைகள் கையிலும் இது உண்டு.

துருக்கி, பாகிஸ்தான், கிரீஸ் போன்ற நாடுகளின் அரசு ஆலைகளுக்கு ஜெர்மானியர்களே முறைப்படி உரிமம் கொடுத்தார்கள். வடிவமைப்புச் செலவு இல்லை, கூலி குறைவு. ஆகவே நகல் மலிவு. ஆனால் வீடியோவில் அமெரிக்கர் காட்டுவது, விசையை ஒருமுறை இழுத்தால் ஒரே ஒரு ரவை சுடும் பொதுமக்கள் வடிவம். 1986 மே மாதத்துக்குப் பிறகு தயாரான தானியங்கித் துப்பாக்கியை அமெரிக்காவிலேயே பொதுமக்கள் புதிதாக வாங்க முடியாது. அந்த ஒற்றைச் சுடு வடிவமும் இங்கே சாதாரண உரிமத்தில் கிடைக்காது. அது சுடும் 9 மி.மீ. பாரபெல்லம் ரவை நம் நாட்டில் தனியாருக்குத் தடைசெய்யப்பட்ட துளையளவு (குழலின் உள்விட்டம்).

சட்டம் என்ன சொல்கிறது? ஆயுதச் சட்டம், 1959, விசையை அழுத்திப் பிடித்திருக்கும் வரை அல்லது ரவைக்கூடு காலியாகும் வரை தொடர்ந்து சுடும்படி அமைந்த துப்பாக்கியைத் ‘தடைசெய்யப்பட்ட ஆயுதம்’ என்று வரையறுக்கிறது. சப்மெஷின் கன்னுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் இருக்க முடியாது. மத்திய அரசின் தனி அனுமதி இல்லாமல் இதை வாங்கவோ வைத்திருக்கவோ செய்யவோ விற்கவோ கூடாது என்கிறது 7ஆம் பிரிவு. 2019 டிசம்பரில் வந்த திருத்தம் தண்டனையைக் கூட்டியது. தடைசெய்யப்பட்ட ஆயுதத்தை வைத்திருந்தால் 7 முதல் 14 ஆண்டு சிறை. தயாரித்தாலோ விற்றாலோ 10 ஆண்டு முதல் ஆயுள் வரை. சாதாரண உரிமமில்லாத் துப்பாக்கிக்கே இப்போது 2 முதல் 5 ஆண்டு. ஆயுதத்தின் உதிரிபாகங்களும் ‘ஆயுதம்’ என்ற சொல்லுக்குள் அடங்கும். ஆகவே “முழுசா இல்ல, பார்ட் பார்ட்டா வரும், நீங்களே சேர்த்துக்கலாம்” என்று யாராவது சொன்னால் அதில் எந்தப் பாதுகாப்பும் இல்லை.

உங்களுக்கு அறிமுகமானவர் போன்றவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒருவகை, பணத்தை வாங்கிக்கொண்டு மறைபவர்கள். முதலில் சிறிய முன்பணம், பிறகு ‘கூரியர் செலவு’, அதன் பிறகு ‘கஸ்டம்ஸ் கட்டணம்’, கடைசியில் ‘போலீஸ்ல மாட்டிக்கிச்சு, செட்டில் பண்ணணும்’ என்று மிரட்டல். நீங்கள் கேட்ட பொருளே குற்றம் என்பதால் புகார் கொடுக்க மாட்டீர்கள் என்று அவர்களுக்குத் தெரியும். அதுதான் அவர்கள் முதலீடு. இன்னொரு வகை, உண்மையிலேயே எதையோ கொண்டுவருபவர்கள். அது இன்னும் ஆபத்து. ஜூஜுவாடியிலும் அத்திப்பள்ளியிலும் வாகனச் சோதனை எப்போது நடக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. பையில் இருப்பது வேலை செய்யாத இரும்பாக இருந்தாலும் அன்றிரவு வீட்டுக்குத் திரும்ப முடியாது.

அடையாளங்கள் எளியவை. பில் கிடையாது என்பார். டெலிகிராமிலோ வாட்ஸ்அப்பிலோ மட்டும் பேசுவார், செய்திகள் தானாக அழியும்படி வைத்திருப்பார். பொருளின் படத்தில் பின்னணி எந்த நாடு என்றே தெரியாது. “டீஆக்டிவேட் பண்ணது, டெக்கரேஷனுக்குத்தான்” என்பார். அடுத்த வாக்கியத்திலேயே “வேணும்னா வேலை செய்ய வைக்கலாம்” என்பார். போலித் துப்பாக்கியைச் சுடும் துப்பாக்கியாக மாற்றுவது தனிக் குற்றம். இந்த இரண்டு வாக்கியங்களை ஒரே ஆள் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

பணம் கொடுத்தாயிற்றா? பொருளைப் பெற்றுக்கொள்ளாதீர்கள், பெறுவதாக எழுதிக் கொடுக்காதீர்கள். உரையாடலை அழிக்காதீர்கள், பயத்தில் அழிப்பதுதான் பலர் செய்யும் தவறு. ஏமாற்றிவிட்டார், மிரட்டுகிறார் என்றால் ஒரு வழக்கறிஞரிடம் ஒருமுறை பேசிவிட்டு, தேசிய சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணம் போன கணக்கை முடக்க வாய்ப்பு அதிகம். வாங்கும் எண்ணத்தை விட்டுவிட்டுத் தாமாக முன்வந்து சொல்பவரின் நிலையும், வீட்டில் பொருளோடு பிடிபட்டவரின் நிலையும் முற்றிலும் வேறு.

இந்த இடத்தில் ஓசூர்ப் பட்டறைக்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்த மண்ணில் ஆபத்து அவர்கள் கதவைத்தான் முதலில் தட்டும். சிட்கோ ஷெட்டில் இரண்டு லேத், ஒரு வி.எம்.சி. (கணினி கட்டுப்பாட்டில் கடையும் செங்குத்து இயந்திரம்) வைத்துக்கொண்டு வண்டி உதிரிபாகங்களுக்கு ஜாப் ஒர்க் செய்யும் பல நூறு பேர் இங்கே இருக்கிறார்கள். மாத இறுதியில் ஆர்டர் குறைந்து தவணை நெருங்கும்போது, யாரோ ஒருவர் ஒரு சாம்பிள் துண்டையும் கையால் வரைந்த படத்தையும் கொண்டுவந்து “பம்ப் பார்ட், பத்து பீஸ் போதும், ரேட் நீங்க சொல்றதுதான்” என்பார். வழக்கமாக எட்டணாவுக்குப் பேரம் பேசும் ஊரில், ரேட்டைக் கேட்காத வாடிக்கையாளர்தான் முதல் அடையாளம். படத்தில் கம்பெனிப் பெயர், படத்தின் எண், திருத்த எண் எதுவும் இருக்காது. உள்ளே நெளிவரி (ரவையைச் சுழற்றும் சுருள் பள்ளம்) போட்ட சிறு துளைக் குழல், விசைப் பகுதி போன்ற தகடு, ரவைக்கூடு போன்ற வடிவம் என்று தனித்தனியாக வெவ்வேறு பட்டறைக்குப் போகும். ஜி.எஸ்.டி. பில் வேண்டாம் என்பார், சாம்பிளைக் கையோடு திரும்ப எடுத்துக்கொண்டு போவார்.

தெரியாமல் செய்தேன் என்பதை நீதிமன்றத்தில் நிரூபிக்கப் பல ஆண்டுகள் ஆகும். அந்த ஆண்டுகளில் மெஷின் சீல் வைக்கப்பட்டிருக்கும், தவணை ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே கேள்வி கேட்பது உங்கள் உரிமை. இந்தப் பாகம் எதில் பொருந்துகிறது, யார் வாடிக்கையாளர், கொள்முதல் ஆணை எங்கே என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் வேலையைத் திருப்பி அனுப்புங்கள். ஆயுதப் பாகம் என்று உறுதியாகத் தோன்றினால், படத்தைப் போனில் எடுத்து வைத்துக்கொண்டு காவல் நிலையத்தில் சொல்லுங்கள். ஆயுதத் துறை வேலையே செய்ய ஆசை என்றால் நேர்வழி இருக்கிறது. தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனையங்களில் சென்னை, கோவை, சேலம், திருச்சியோடு ஓசூரும் ஒன்று. மத்திய அரசின் உற்பத்தி உரிமம் பெற்ற நிறுவனம் எழுத்தில் தரும் ஆணையின் பேரில், அதன் தரச் சோதனைக்கு உட்பட்டு வேலை செய்வது மரியாதையான தொழில்.

அன்புள்ள வாசகரே, இனி உங்கள் பட்ஜெட்டுக்கு வருவோம். நீங்கள் வாங்கக்கூடியது ஏர் ரைஃபிள் (அழுத்தப்பட்ட காற்றால் ஈயக் குண்டைத் தள்ளும் துப்பாக்கி). திருவிழாக்களில் பலூன் சுடும் கடையில் தோளில் வைத்திருப்பீர்களே, அதன் நல்ல வடிவம். ஆயுத விதிகள், 2016இன்படி, குழல்முனை ஆற்றல் (குண்டு குழலை விட்டு வெளியேறும்போது கொண்டிருக்கும் வேக ஆற்றல்) 20 ஜூலுக்கு மேல் போகாத, துளை 0.177 அங்குலத்துக்கு, அதாவது 4.5 மி.மீ.க்கு மேல் இல்லாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. இரண்டில் ஒன்று மீறினாலும் உரிமம் வேண்டும். இந்த இரண்டு எண்களை மனதில் எழுதிக்கொண்டுதான் கடைக்குப் போக வேண்டும்.

கடையில் இந்த எண்களைச் சொல்ல மாட்டார்கள். “ஆயிரம் எஃப்.பி.எஸ். சார்” என்பார்கள், அதாவது நொடிக்கு 1,000 அடி வேகம். அந்த எண் மட்டும் எதையும் சொல்லாது. நொடிக்கு 1,000 அடி என்பது ஏறக்குறைய 305 மீட்டர். 0.5 கிராம் எடையுள்ள வழக்கமான ஈயக் குண்டு அந்த வேகத்தில் போனால் ஆற்றல் 23 ஜூல். சட்ட எல்லை தாண்டிவிட்டது. அதே வேகத்தை 0.35 கிராம் இலகுவான கலப்பு உலோகக் குண்டில் காட்டியிருந்தால் 16 ஜூல்தான். எந்த எடைக் குண்டில் அளந்தார்கள் என்று கேளுங்கள். நிறுவனம் கொடுக்கும் சோதனைச் சான்றில் ஜூல் கணக்கு எழுதியிருக்க வேண்டும். பில்லில் வரிசை எண் இருக்க வேண்டும். கடைக்காரர் அடையாளச் சான்று கேட்டால் மகிழ்ச்சியாகக் கொடுங்கள். கேட்காத கடையில் வாங்காதீர்கள். பில்லையும் சான்றையும் துப்பாக்கிப் பையிலேயே நகலாக வைத்திருங்கள்.

பழைய துப்பாக்கி வாங்கினால் ஒரு சோதனையை அவசியம் செய்யுங்கள். பில்லில் 0.177 என்று இருக்கும், ஆனால் இடையில் யாரோ 0.22 குழலை மாற்றியிருப்பார்கள். 4.5 மி.மீ. பெல்லட் (ஈயக் குண்டு) ஒன்றைக் குழலின் பின்வாயில் வையுங்கள். சரியான குழலில் அது விளிம்பில் உட்கார்ந்து, விரலால் அழுத்தினால்தான் உள்ளே போகும். தானாக உள்ளே விழுந்து மறுமுனையில் ‘டக்’கென்று வெளியே வந்தால் அது 4.5 மி.மீ. குழல் அல்ல. அந்தத் துப்பாக்கி மலிவாகக் கிடைக்கும் காரணமும் அதுதான்.

எம்.பி.5 உருவம் வேண்டும் என்று கேட்பீர்கள். உருவத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. அந்த வடிவில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை 6 மி.மீ. பிளாஸ்டிக் உருண்டை சுடும் ஸ்பிரிங் பொம்மைகள், அல்லது நீரில் ஊறிய ஜெல் மணி சுடும் ஜெல் பிளாஸ்டர்கள். வெளிநாட்டு இணையக் கடையில் ஏர்சாஃப்ட் (பிளாஸ்டிக் உருண்டை சுடும் அசல் அளவு நகல்) ஆர்டர் செய்தால் பார்சல் சுங்கத்தில் நிற்கத்தான் வாய்ப்பு அதிகம். பொம்மை என்று அலட்சியம் வேண்டாம்: பிளாஸ்டிக் உருண்டை கண்ணில் பட்டால் பார்வை போகும், ஜெல் மணியைத் தவழும் குழந்தை விழுங்கினால் அது குடலில் பெரிதாகி அடைத்துக்கொள்ளும். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் ஜெல் மணிகளை உள்ளேயே கொண்டுவராதீர்கள். கறுப்பு நிற எம்.பி.5 வடிவப் பொம்மையோடு ஓசூர்ப் பேருந்து நிலையத்தில் இறங்குபவரைப் பார்த்து, அது பொம்மையா என்று விசாரித்துவிட்டுத்தான் காவலர் செயல்பட வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. அதை வைத்து ரீல்ஸ் எடுத்து ஒருவரைக் குறிபார்த்தால், எதிரில் இருப்பவருக்கு ஏற்படும் பயம் நிஜமானது, வழக்கும் நிஜமானது.

நல்ல ஏர் ரைஃபிளில் பார்க்க வேண்டியது உருவத்தை அல்ல, நான்கு விஷயங்களை. குழலை மடக்கித் திறக்கும் மூட்டு ஆடக்கூடாது. மூடியபின் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள், கொஞ்சம் ஆடினாலும் ஒவ்வொரு குண்டும் வேறிடத்தில் விழும். விசை ஒரே இடத்தில், ஒரே கனத்தில் விட வேண்டும். பத்து முறை சுட்டுப் பார்க்கக் கேளுங்கள், ஆனால் குண்டு இல்லாமல் சுடச் சொல்லாதீர்கள். ஸ்பிரிங் துப்பாக்கியைக் காலியாகச் சுட்டால் பிஸ்டன் முகப்பில் மோதிச் சேதமாகும். தோள்கட்டையின் நீளம் உங்கள் கைக்குப் பொருந்த வேண்டும். உதிரி ஸ்பிரிங்கும் சீலும் (காற்று கசியாமல் தடுக்கும் வளையம்) இந்தியாவில் கிடைக்கிறதா என்று கேளுங்கள். இந்தக் கடைசிக் கேள்விக்காகவே தொடக்கக்காரர் உள்நாட்டுத் தயாரிப்பை வாங்குவது நல்லது.

ஸ்பிரிங், கேஸ் ராம் (வாயு அடைத்த சிலிண்டர்), பி.சி.பி. (முன்கூட்டியே அதிக அழுத்தத்தில் காற்று நிரப்பும் வகை) என்று மூன்று ரகம் சொல்வார்கள். பி.சி.பி. துல்லியமானது, ஆனால் காற்று நிரப்பும் பம்பு தனிச் செலவு. உங்களுக்கு முதல் துப்பாக்கி சாதாரண ஸ்பிரிங் ரகமே போதும். தொலைநோக்கி பொருத்த அவசரப்படாதீர்கள். ஸ்பிரிங் துப்பாக்கி முன்னும் பின்னுமாக இருமுறை உதைக்கும். மற்றத் துப்பாக்கிகளுக்கான ஸ்கோப் அதில் சில நாளில் கெட்டுவிடும். முதல் ஆயிரம் குண்டுகளை இரும்புக் குறிகாட்டியிலேயே சுடுங்கள். காகித இலக்குக்குத் தட்டைமுனைப் பெல்லட் வாங்குங்கள், ஓட்டை வட்டமாகத் தெளிவாக விழும். எஃகு உருண்டை வேண்டாம். அது குழலின் நெளிவரியைத் தேய்க்கும், கல்லில் பட்டு உங்கள் முகத்துக்கே திரும்பும்.

பழுதின் அடையாளங்களும் தெரிந்திருக்க வேண்டும். சுடும்போது குழல் மூட்டில் கன்னத்தில் காற்றுப் பட்டால் சீல் போய்விட்டது. ‘டங்’கென்று நீண்ட அதிர்வு கேட்டால் ஸ்பிரிங் வளைந்திருக்கிறது அல்லது உடைந்திருக்கிறது. குழல் முனையில் புகையும் எரிந்த எண்ணெய் வாடையும் வந்தால் உள்ளே எண்ணெய் எரிகிறது. இந்தக் கடைசி விஷயத்தில்தான் ஊர்க் குறுக்குவழிகள் அதிகம். “ரெண்டு சொட்டு எண்ணெய் விடு, பவர் ஏறும்” என்பார்கள். வெடிச் சத்தம் வரும், குண்டு வேகமாகப் போவதுபோல் தெரியும். ஆனால் சீலும் ஸ்பிரிங்கும் சில நாளில் போய்விடும், ஒவ்வொரு குண்டும் ஒரு வேகத்தில் போகும், ஆற்றலும் சட்ட எல்லையைத் தாண்டலாம். மோட்டார் சைக்கிள் ஸ்பிரிங் போடுவது, குழலைக் கடைந்து பெரிதாக்குவது எல்லாம் இதே வகை. கைவேலை தெரிந்தவர் என்பதால் உங்களுக்கு இந்த ஆசை மற்றவர்களைவிட அதிகம் வரும். அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். சீல் மாற்றுவது பராமரிப்பு, ஆற்றலைக் கூட்டுவது குற்றத்தின் பக்கம் போவது. ஸ்பிரிங் கழற்றுவதற்குக்கூட அதற்கான அழுத்துக் கருவி வேண்டும். வெறும் கையால் திறந்தால் பின்மூடி முகத்தில் பாயும்.

எங்கே சுடுவது? 20 ஜூல் குண்டு சில நூறு மீட்டர் போகக்கூடியது. அருகில் மனிதர் மீது பட்டால் உடலுக்குள் இறங்கும். சிப்காட்டைச் சுற்றியுள்ள லைன் வீடுகளில், மொட்டை மாடியில் சுடவே கூடாது. சொந்த நிலத்தில், பின்னால் மண்மேடோ பழந்துணி இறுக்கி நிரப்பிய கனமான மரப்பெட்டியோ வைத்து, 10 மீட்டர் தூரத்தில், கண்ணாடி போட்டுக்கொண்டு சுடுங்கள். குண்டு போடும்போது மடக்கிய குழலை இன்னொரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். விசை தவறினால் குழல் பாய்ந்து மூடி விரலை நசுக்கும். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், ஈயம் சாப்பாட்டோடு உள்ளே போகக்கூடாது. ஸ்பிரிங்கை இழுத்த நிலையில் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகாதீர்கள்.

தளி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் நிலம் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு, பன்றிக்கும் குரங்குக்கும் இது போதுமே என்று நினைக்கலாம். போதாது, கூடாது. இந்த ஆற்றலில் காட்டுப்பன்றி சாகாது, காயத்தோடு ஓடிப் பல நாள் வதைபடும்; வெறிகொண்ட பன்றி அடுத்த நாள் களையெடுக்கும் பெண்கள் மீது பாயும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இன்படி வழக்கும் வரும். மயிலுக்கும் இதே சட்டம்தான். சானமாவு, ஜவளகிரிப் பக்கம் யானை இறங்கினால் வனத்துறைக்குத் தகவல் சொல்லிவிட்டு விலகி நில்லுங்கள். சேதத்தைப் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலர் சான்றோடு இழப்பீட்டுக்கு எழுதிக் கொடுங்கள். தாமதமாகும் என்பது உண்மை. ஆனால் அவுட்டுக்காயும் (வெடிமருந்து வைத்த காய்) மின்வேலியும் மாட்டையும் மனிதரையும் கொன்றிருக்கின்றன.

அந்த மலைக் கிராமங்களில் சில வீடுகளின் பரணில் தாத்தா காலத்து நாட்டுத் துப்பாக்கி துருப்பிடித்துக் கிடக்கும். ஓட்டை விழுந்த குழல்தானே என்று விடக்கூடாது. கிணற்றில் போடவும் வேண்டாம், பழைய இரும்புக்குப் போடவும் வேண்டாம். உரிமம் முடிந்த துப்பாக்கியாக இருந்தால் தாமதிக்காமல் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்கிறது ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவு. மறக்காமல் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். உரிமமே இல்லாததாக இருந்தால், கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் போலீசார் அவ்வப்போது ஊர் ஊராக அறிவித்து, தாமாக ஒப்படைக்கச் சொல்கிறார்கள். அந்த அறிவிப்பு வரும்போது ஊர்ப் பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிடுங்கள். அறிவிப்புக்காகக் காத்திருக்க மனமில்லை என்றால் வழக்கறிஞர் ஒருவர் மூலம் கொடுங்கள்.

வாசகரே, உங்களுக்கு உண்மையில் பிடித்தது இயங்கமைப்பும் துல்லியமும் என்றால், இவை இரண்டும் ஒரே இடத்தில் கிடைப்பது துப்பாக்கி சுடும் விளையாட்டில். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது இதே 4.5 மி.மீ. துளை கொண்ட ஏர் ரைஃபிளில், இதே 10 மீட்டர் தூரத்தில். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஒலிம்பிக் வரை போனதும் இதே போட்டியில். அந்தப் போட்டித் துப்பாக்கிகளின் ஆற்றல் 7.5 ஜூல் அளவில்தான் இருக்கும், 20 ஜூல் சட்ட எல்லையில் பாதிகூட இல்லை. வாரம் ஒருநாள் விடுமுறையில் பெங்களூருவில் ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்து, அங்கே உள்ள துப்பாக்கியிலேயே மூன்று மாதம் சுட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகும் ஆர்வம் குறையாவிட்டால், பில்லும் ஜூல் சான்றும் உள்ள உள்நாட்டு 4.5 மி.மீ. ஸ்பிரிங் ரைஃபிள் ஒன்றும், இரண்டு டப்பா தட்டைமுனைப் பெல்லட்டும், ஒரு பாதுகாப்புக் கண்ணாடியும் வாங்குங்கள். பெங்களூருக்காரருக்குக் கொடுக்க எடுத்து வைத்த பணத்தில் இவ்வளவும் வாங்கி மிச்சமும் இருக்கும்.